ஊருக்குள் ஓடும் காருக்கான பிளக்

புதிய ஸ்பார்க் பிளக் வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கார் எங்கே ஓடப்போகிறது என்பதுதான். பெரும்பாலான கடைக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை. என்ன கார் என்று கேட்டு, கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒருநாளும் அதைக் கேட்காமல் பிளக் டின்னைத் திறந்ததில்லை.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள் சார், ஆடை படிந்துவிடும். வாசலில் உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள் நஞ்சப்பாவுக்கும் கொடுத்தாகிவிட்டது. "ஆற அமரச் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கறேன்" என்று நீங்களே சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் இவ்வளவு பொறுமையாக இருப்பது அபூர்வம். நானும் பொறுமைக்காரன்தான். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிச் சொல்லியே என் மகளை வளர்த்தேன். எதையும் மறைக்கப்போவதில்லை. வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் தெரியும் என்பதால் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

லிங்கராஜபுரத்தில் இந்த ஷெட்டை யுத்தம் முடிந்த கையோடு போட்டேன். அதற்கு முன் கன்டோன்மென்டில் பட்டாளத்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேசர் டவுன் டாக்டர்கள், வக்கீல்கள், மாதா கோயில் சாமியார்கள் எல்லோருடைய வண்டியும் இங்கேதான் வரும். ரெமிஜியஸ் என்ற என் பெயர் வாயில் நுழையாதவர்கள் 'பிளக் ரெமி' என்பார்கள். இறக்குமதிக்குக் கெடுபிடி வந்தபின் நல்ல பிளக் குதிரைக்கொம்பாகிவிட்டது. என்னிடம் மட்டும் கிடைக்கும். இங்கிலீஷ்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்றது, குஜரிக் கடையில் பழைய இரும்போடு கிடைத்தது என்று சேர்த்து, நம்பர் வாரியாகப் பிரித்து பிஸ்கட் டின்களில் வைத்திருப்பேன்.

பிளக்கில் இரண்டு சுபாவம் உண்டு. ஒன்று சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இன்னொன்று சூட்டை வெளியே தள்ளிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் பொறித்திருக்கும் நம்பரில்தான் வித்தியாசம். மார்க்கெட்டுக்கும் மாதா கோயிலுக்கும் நிதானமாகப் போய்வரும் காருக்குச் சூடு பிடிக்கும் பிளக் வேண்டும். அந்தச் சூட்டில் கரி எரிந்துபோகும், மார்கழிக் குளிரிலும் வண்டி ஒரே இழுப்பில் கிளம்பும். இதை நாங்கள் ஊர் பிளக் என்போம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டப்படும் காருக்குச் சூடு தள்ளும் பிளக் வேண்டும். அது ரோடு பிளக்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஊருக்குள் ஓடும் காருக்கு ரோடு பிளக்கைப் போட்டால் கரி கட்டி இருமும், அவ்வளவுதான். ரோட்டில் விரட்டும் காருக்கு ஊர் பிளக்கைப் போட்டால் முனை சிவந்து கங்காகிவிடும். அடுப்பில் கங்கு இருந்தால் தீக்குச்சி எதற்கு? பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். சாதாரண வண்டியாக இருந்தால் தட்டுகிற சத்தம் கேட்கும், ஓட்டுகிறவன் உஷாராகிவிடுவான். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் சுபாவத்திலேயே கோபக்காரன். மேல்கூரை இறக்கியிருந்தால் காற்றின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. சில நிமிஷத்தில் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். எஞ்சின் அப்படியே இறுகிப்போகவும் கூடும். அப்போது பின்சக்கரங்கள் சுற்றாமல் நின்றுவிடும். வண்டி எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எரிந்த பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பதை எங்கள் தொழிலில் முகம் பார்ப்பது என்போம். கறுத்திருந்தால் ஒரு கோளாறு, வெளுத்திருந்தால் வேறொரு கோளாறு, வறுத்த காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சுகம். பிளக் மாற்றிய வண்டியைக் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து எனக்கு முகம் காட்டிய பிறகுதான் யாரும் வெளியூர் கிளம்புவார்கள். இது என் ஷெட்டின் வழக்கம். கலெக்டராக இருந்தாலும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

என் மகள் டோரதிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அம்மா டைபாய்டில் போனபோது அவள் சின்னப் பெண். பள்ளிக்கூடம் விட்டால் நேராக இங்கே வருவாள். அதோ அந்த முக்காலியில் உட்கார்ந்து பிளக்குகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "பப்பா, இது வக்கீல் வண்டி. கோர்ட்ட விட்டா வூடு, வூட்ட விட்டா கோர்ட்டு" என்பாள். சரியாக இருக்கும். பெற்ற மகளைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது, ஆனால் அப்படி முகம் பார்க்கிற கண் இந்தப் பெங்களூரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. படிப்பை முடித்தபின் வீட்டையும் ஷெட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே குடையில் போவோம். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

ஓஸ்வால்ட் என்னிடம் பிளக் வாங்க வந்தவன்தான். தங்கவயலில் வேலை பார்த்த இங்கிலீஷ்காரர் ஒருவர் கப்பல் ஏறுவதற்கு முன் தன் சிவப்பு எம்.ஜி. காரை அவனிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். முதல் தடவை வந்தபோது பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தது டோரதி. "ரொம்ப மெதுவா ஓட்றீங்க. வண்டிக்கு மூச்சு முட்டுது" என்றாள். அவன் சிரித்தான். நல்ல பையன் சார். எனக்கு அவனைப் பிடிக்கும், அதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பூசைக்குத் தவறாமல் வருவான். என் கையால் போட்ட பிளக்கை வேறு யாரையும் தொடவிடமாட்டான்.

கல்யாணம் பேசும்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மதராஸில் கிடைத்திருக்கும் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கட்டும், முன் அறையை அவர்களுக்கு ஒழித்துத் தருகிறேன், ஷெட்டும் அவனுக்குத்தான் என்றேன். "லீவுக்கு லீவு வந்துடுவோம் மாமா" என்றான். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மதராஸ் என்ன சீமையா, ஒரு ராத்திரி ட்ரெயின்தானே என்று. சற்று முன் நீங்களும் சொன்னீர்கள். ட்ரெயின் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பெண் வீட்டுப் பெண் ஆகமாட்டாள் சார். அங்கே போனால் நான் விருந்தாளி. எனக்கு நல்ல தட்டில் சோறு போட்டு, எப்போது திரும்புகிறாய் என்று கேட்காமல் கேட்பார்கள்.

டோரதியிடம் தனியாகப் பேசினேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கூப்புட்றான்னுதானே போற?"

"இல்ல பப்பா. எனக்கே போவணும். அவரு வரலன்னாலும் ஒரு நாள் போயிருப்பேன்."

"இந்த ஷெட்ட விட்டா உனக்கு இன்னா தெரியும்?"

"அதான் பப்பா. வேற இன்னா இருக்குதுன்னு பார்க்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. முகத்தில் ஆவி அடிக்க, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சு வலித்தது. மறுநாள் எழுந்தபோது வலி இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை எதுவுமே வலிக்கவில்லை. போன வாரம் வெல்டிங் கம்பி கையில் பட்டுத் தோல் உரிந்ததைக்கூடப் பக்கத்து வீட்டு சந்திரம்மா சொல்லித்தான் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மற்றவர்கள் வெள்ளித்தட்டும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். மாமனார் சீராக நான் கொடுத்தது நான்கு புது பிளக். பெட்டி பிரிக்காதது. ஓஸ்வால்டுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாமா புடிச்சீங்க? தங்கம் குடுத்தாகூட கிடைக்காதே" என்று பந்தலில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான்.

அவற்றை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள். அலமாரியில் இரண்டு வகையும் புதிதாகவே இருந்தன. இரண்டு டின்னையும் மேஜைமேல் வைத்து, எப்போதும் கேட்கிற கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். இந்தக் கார் எங்கே ஓடப்போகிறது? இங்கேதான் என்று பதில் வந்தது. இந்த வாசலுக்கும் கோயிலுக்கும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கும். அப்படி ஓடும் காருக்கு எது சரியோ அதை எடுத்தேன். எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூட்டிவந்து கேளுங்கள், சரியான பிளக் என்றுதான் சொல்வான். அந்தக் காரை அவர்கள் ரோட்டில் கொண்டுபோனதுதான் சரியில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று காலை நானே பிளக்குகளை மாட்டினேன். டோரதி ஈரத்தலையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ரோடு பிளக்குதானே பப்பா?"

"ஆமா கண்ணு."

குனிந்து நம்பரைப் பார்க்க அவளுக்கு ஒரு விநாடி போதும். பார்க்கவில்லை. என் வேலையை அவள் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. ஓஸ்வால்ட்தான் வழக்கத்தை நினைவுபடுத்தினான். "ஹெப்பால் வரைக்கும் போய்ட்டு வந்து மூஞ்சி காட்டிட்டுப் போகட்டா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். கிளம்பின வண்டி திரும்பி வந்தால் சகுனம் நன்றாக இருக்காது என்றேன். "பப்பாவுக்கு எப்போலேர்ந்து சகுனம்? சாமியார்கிட்ட சொல்லிக்குடுக்கறேன் இரு" என்று டோரதி கேலி செய்தாள். அவள் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

மற்றது உங்களுக்கே தெரியும். நரசாபுரத்துக்குச் சற்று முன்னால், இருபுறமும் புளியமரம் நிற்கும் இடத்தில் எஞ்சின் இறுகிவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது. ஓஸ்வால்ட் இருந்த பக்கம்தான் அடிபட்டது; அவன் அங்கேயே போய்விட்டான். டோரதி வயலில் தூக்கி எறியப்பட்டாள். முதுகெலும்பு முறிந்துவிட்டது. இனி நடக்கமாட்டாள் என்று பெரிய டாக்டர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பையன் வேகக்காரன், பெட்ரோலிலும் கலப்படம் என்று உங்கள் ஆட்களிடம் அன்றே எழுதிக்கொடுத்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. நொறுங்கிய வண்டியை லாரியில் ஏற்றி வேறு எங்கே கொண்டுவருவார்கள், இங்கேதான் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பானட்டைத் திறந்து, நான்கு பிளக்கையும் கழற்றினேன். மூன்றின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான்காவதற்கு முனையே இல்லை. அவற்றை எடுத்துவிட்டு ரோடு பிளக்குகளை மாட்டினேன்.

அங்கேதான் கோட்டைவிட்டேன் சார். எரிந்து காபி நிறமான பழைய ரோடு பிளக் நான்கைத் தேடி மாட்டியிருந்தால் நீங்கள் இன்று இங்கே உட்கார்ந்திருக்கமாட்டீர்கள். அவை டின்னில் இருந்தன. கையில்கூட எடுத்தேன். ஆனால் எவனோ கழற்றிப் போட்ட அழுக்குப் பிளக்கை என் மகளின் கல்யாணக் காரில் மாட்ட மனம் ஒப்பவில்லை. சீர் கொடுத்தது புதிது, இருப்பதும் புதிதாக இருக்கட்டும் என்று பெட்டி பிரித்துப் புதிதையே மாட்டினேன். அப்பனுடைய மனசு அப்படித்தான் இருக்கும்.

நேற்று அந்த நான்கையும் நீங்கள் கழற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை இப்போதுதான் சொல்கிறீர்கள். டோரதியே கேட்டனுப்பினாளாம். படுத்தபடியே ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாளாம். "இதுங்க நெருப்பையே பார்க்கல சார். நாங்க போட்டு ஓட்டின பிளக்குங்க எங்கன்னு எங்க பப்பாவ கேளுங்க" என்றாளாம். நீங்கள் இதைச் சொல்லும்போது என் முகத்தையே உற்றுப் பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறாள், ஆனாலும் கண் பழுதாகவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை.

நீங்கள் கேட்கும் அந்தச் சீர் பிளக்குகள் இதோ இந்தக் காகிதப் பொட்டலத்தில் இருக்கின்றன. கிடைக்காத சாமான், எறிய மனம் வரவில்லை. மூன்றை மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறேன். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இன்னும் நெடுநாள் உழைக்கும்.

"உங்க பொண்ணும் அதே கார்லதான் போறான்னு தெரியுமோல்லியோ?" என்று கேட்கிறீர்கள். அது இரண்டு பேர் உட்காரும் கார். ஒரு இடத்தில் ஓஸ்வால்ட் என்றால் இன்னொரு இடத்தில் அவள்தானே. தெரியாமல் எப்படி இருக்கும்? வண்டி வழியில் நின்றுபோகும், பஸ் பிடித்து இருவரும் வீட்டுக்குத் திரும்புவார்கள், சுடுசோறு ஆக்கி வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அரிசிகூடக் களைந்து வைத்திருந்தேன். சந்திரம்மாவைக் கேட்டுப்பாருங்கள்.

ஆனால் ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஓஸ்வால்ட் வேகக்காரன் என்று எழுதிக்கொடுத்தது தப்பு, அதை அடித்துவிடுங்கள். அவன் நாற்பது மைல் வேகத்தைத் தாண்டமாட்டான். ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுகிற ஆள். அந்த வேகத்தில் போயிருந்தால் ஊர் பிளக்கும் மதராஸ் வரை தாங்கியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆகையால் கார்க் கதவைச் சாத்தும்போது அவனிடம் சொன்னேன்: "ஹொசகோட்டை தாண்டினதும் கால எடுக்காம மிதி மாப்ளே. கொஞ்ச நேரம் நல்லா வெரட்டினாத்தான் புது பிளக்கு செட் ஆவும்." சரி மாமா என்றான். பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பையன்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள் சார். வாசல்படியைச் செதுக்கி மட்டமாக்கிவிட்டேன், சக்கர நாற்காலி தடங்கல் இல்லாமல் உருளும். கட்டிலை ஷெட் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். படுத்தபடியே முகம் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் நான் போனால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மருந்து மயக்கம். வீட்டுக்கு வந்து என் கையால் இரண்டு வேளை சாப்பிட்டால் சரியாகிவிடும்.

என்ன சொன்னீர்கள்?

"உங்க பொண்ணு இங்கே வரலே. ஓஸ்வால்டோட அக்கா சரளா மெட்ராஸுக்கு அழைச்சுண்டு போறா. டாக்சி பேசியாச்சு. அவளேதான் அங்கே போகணும்னு சொன்னா."

அப்படியா.

டாக்சி என்றால் என்ன கார் சார்? விசாரித்தீர்களா? இந்த டாக்சிக்காரர்களுக்குப் பொறுப்பே கிடையாது. நாளெல்லாம் ஊருக்குள் ஓட்டிய வண்டியை அப்படியே ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அது எங்கே ஓடப்போகிறது என்று ஒருவனும் கேட்கமாட்டான். நான் ஸ்டேஷனுக்கு வரத் தயார், சட்டையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுகிற இடத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். டோரதி ஏறுவதற்கு முன்னால் அந்த வண்டியை ஒருமுறை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள் சார். பிளக்கை நானே பார்த்துப் போட்டுவிடுகிறேன்.